ஓரெஸ்டின் கடைசி ஓட்டம்

ஓரெஸ்ட் செத்ததைவிட, அவருடைய கடைசி ஓட்டத்தில் நெஸ்டர் செய்து வைத்த காரியத்தைத்தான் டன்ஸ்போர்ட்டில் அந்த மார்ச் மாதம் முழுக்கப் பேசினார்கள். சாவு எந்த ஊரில்தான் இல்லை? அறுபத்திநான்கு வயது மனுஷன், மைனஸ் முப்பத்தெட்டுக் குளிரில் லாரி என்ஜினைச் சூடாக்கும் வயரைச் செருகப் போனவர், செருகிய கையோடு பம்பர்மேல் சாய்ந்துவிட்டார். ஊரே அழுதது. ஆனால் நெஸ்டர் செய்ததுபோல ஒன்றை அந்த மானிடோபா பக்கத்தில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நெஸ்டர் முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். கோதுமை, கடுகு, பன்றி, மரக்கட்டை, ஒரு தடவை சர்க்கஸ்காரனின் ஒட்டகம் என்று ஏற்றாத பாரமில்லை. ஐம்பத்தாறாவது வயதில் வினிபெக்கில் ஒரு கிடங்கு வாசலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து விழுந்தார். விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார், கால் பக்கத்தில் மனைவி டார்லின் உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துக் கார் ஓட்டலாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். லாரிக்கு மட்டும், பார்க்கலாம், மாத்திரை சாப்பிடுங்கள், பார்க்கலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லாரிக்காரனிடமிருந்து லாரியை எடுத்துவிட்டால் வீட்டுக்குள் அவனை எங்கே வைப்பது என்று டார்லினுக்குத் தெரியவில்லை. சமையலறையில் நின்றால் வழியை மறித்தார். சோபாவில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாகப் பத்தாம் நம்பர் சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, இவன் கியரை மாற்றத் தெரியாதவன், அவன் டயரில் காற்றில்லை என்று குறை சொன்னார். அப்போதுதான் ஓரெஸ்டும் ஞாயிறு கூட்டமும் வந்து அவரைக் காப்பாற்றினார்கள்.

ஞாயிறு கூட்டம் என்பது நெஸ்டரையும் சேர்த்து ஒன்பது பேர். பால் டாங்கர் ஓட்டுகிற டுவேன், சாலையில் பனி வழிக்கிற இயந்திரம் ஓட்டுகிற ஷாண்டல், சொந்த லாரியில் தானியம் ஏற்றி ஓட்டுகிற ஓரெஸ்ட், இன்னும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். வாரம் முழுக்க நிஜ வண்டி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பொய் லாரி ஓட்டுவார்கள். காதில் மாட்டிய கருவி வழியாக ஒருவரோடொருவர் வம்பளந்தபடியே இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை ஓடும். ஆறு நாள் மாடு மேய்த்துவிட்டு ஏழாம் நாள் மாட்டுப் படம் பார்க்கிற ஜனங்கள் என்று டார்லின் கேலி செய்வாள். ஆனால் அந்தக் கூட்டம்தான் உடைந்துபோன ஒரு லாரியிலிருந்து டிரைவர் சீட்டைக் கழற்றி வந்து, நெஸ்டர் வீட்டு நிலவறையில் பொருத்தி, ஸ்டியரிங்கும் பெடலும் மூன்று திரையும் வைத்துக் கொடுத்தது. சீட் பெல்ட்கூட இருந்தது. நெஸ்டர் அதைப் போடாமல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சட்டதிட்டமெல்லாம் ஓரெஸ்ட் போட்டது. வண்டியைச் சுற்றி வந்து டயர் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எடை மேடையில் நிற்க வேண்டும். எல்லோருடைய வண்டியிலும் நூறு கிலோமீட்டரில் பூட்டு. அதற்கு மேல் மிதித்தாலும் போகாது. உலகத்தில் பொடியன்கள் லட்சம் பேர் இதே விளையாட்டில் லாரியை ராக்கெட் மாதிரி விடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"அவங்க ஆடுறாங்க, நாம ஓட்டுறோம்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் கோபம் வரும்.

ஷாண்டல் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, அந்த விளையாட்டுக்குள் அவர்களுடைய சொந்தச் சாலையையே வரைந்து வைத்திருந்தாள். தானியக் கோபுரம், சமூகக் கூடத்தின் தகரக் கூரை, உறைபனியில் மேடுதட்டிப்போன பெட்ரோ பண்ணை வளைவு எல்லாம் இருந்தன. அந்த வளைவில் பொய் லாரிகூடத் தூக்கிப் போடும்.

மாதத்துக்கு ஒரு தடவை, தாமதமில்லாமல், அபராதமில்லாமல், கீறல் விழாமல் ஓட்டியவருக்கு ஒரு மஞ்சள் தொப்பி. பெயரை ஊர் ஐஸ் சறுக்கு அரங்கின் காப்பிக் கடைப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தத் தொப்பி பதினான்கு மாதமாக நெஸ்டர் தலையைவிட்டு இறங்கவில்லை. லைசென்ஸ் போன மனுஷன் லைசென்ஸ் இருக்கிற எட்டுப் பேரையும் ஜெயிக்கிறான் என்று ஊரில் பேச்சு. டார்லின் முப்பத்திநான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே உருளைக்கிழங்கு உரிக்கும்போது இதைச் சொல்லாத நாளில்லை. "டாக்டருங்க என்னத்தக் கண்டாங்க, நாலு மணி நேரம் உக்காந்து ஓட்டுறாரு, ஒரு கீறல் கெடையாது" என்பாள். கேட்கிற கிழவர்களும் தலையாட்டுவார்கள்.

உண்மை வேறு. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு மாத்திரை. அதை விழுங்கின முக்கால் மணியில் நெஸ்டருக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி தூக்கம் வரும். நிலவறையின் கதகதப்பும் டார்லின் ஊற்றிய பீட்ரூட் சூப்பும் சேர்ந்துகொள்ளும். முதல் சில வாரங்கள் பொய் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, காதுக் கருவியை அணைத்துவிட்டு, நாற்பது நிமிஷம் தூங்கினார். அவரவர் பாரம் அவரவர் வழி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் போய்ச் சேரும்போது தாமதம். நெஸ்டர் தாமதம் என்று டுவேன் காதில் கூவும்போது உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பாரத்தைத் தாமதமாகக் கொண்டுபோனதில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை.

ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக உட்கார்ந்து தேடி, எங்கோ ஒரு தேசத்துப் பையன் செய்து போட்டிருந்த வேக மோட் ஒன்றைக் கண்டுபிடித்தார். சின்னக் கோப்புதான். விளையாட்டின் வயிற்றுக்குள் அதைப் போட்டுவிட்டால் வேகப் பூட்டு திறந்துகொள்ளும். என்ஜினுக்கு நாலு லாரியின் பலம் வரும், டயர் வளைவில் ஒட்டிக்கொள்ளும், போலீஸுக்குக் கண் தெரியாது. அதன்பிறகு நாற்பது நிமிஷம் தூங்கினாலும் நூற்றெழுபதில் விரட்டி, ஊருக்குப் பத்துக் கிலோமீட்டர் முன்னால் நூறுக்கு இறக்கி, நல்ல பிள்ளையாக வந்து சேரலாம். சில ஞாயிறுகளில் ஓரம் கட்டுவதற்கு முன்பே தூங்கிவிடுவார். கண் விழித்தால் லாரி வயலில் கிடக்கும். விளையாட்டை முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திருப்பிக்கொண்டு மறுபடி கிளம்புவார். பொய் லாரிதானே, யாருக்கு என்ன சேதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜனவரியில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து ஃபாரம் வந்தது. டார்லின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் கட்டம் போட்டாள். பகல் நேரத்தில் தூக்கம் வருவதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லைதானே என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். இல்லை என்றார். மார்ச் இருபதாம் தேதி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. பனி உருகும் காலத்தில் பார லாரிகளுக்குச் சாலையில் போடுகிற தடை நீங்கியதும் என் இரண்டாவது லாரியை நீ எடுத்துக்கொள் என்று ஓரெஸ்ட் சொல்லியிருந்தார். டார்லின் அந்த மாதமே முதியோர் இல்லத்தில், ஜூனிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதுமா என்று கேட்டு வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் அண்டா கழுவிய கை அது.

இந்த நிலையில்தான் ஓரெஸ்ட் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிறு கூட்டத்தில் ஒருவர் செத்தால் கடைசி ஓட்டம் ஓட வேண்டும் என்பதும் ஓரெஸ்ட் போட்ட விதிதான். முன்னால் போகிற வண்டிக்குச் செத்தவரின் வண்டி நிறமும் வாசகமும் பூசி, எல்லோரும் பின்னால் எண்பதில் வரிசையாகப் போவார்கள். ஓரெஸ்டின் மனைவி எல்சி, நெஸ்டரே முன்னால் போகட்டும் என்று சொல்லியனுப்பினாள். நெஸ்டருக்குப் பின்னால் போனால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஓரெஸ்ட் அடிக்கடி சொல்வாராம். ஷாண்டல் பச்சைக் கேபின், வெள்ளைக் கோடு, கதவில் 'ஓரெஸ்ட் & எல்சி' என்று அச்சு அசலாக நிறம் செய்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை நெஸ்டர் மோட்டை எடுத்துவிட உட்கார்ந்தார். எடுத்தால் அந்த என்ஜின் காணாமல் போகும், அதில் ஓட்டிய ஓட்டமெல்லாம் கணக்கிலிருந்து அழியும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பதினான்கு மாதமும் அழிந்தால் கூட்டத்தார் கண்ணில் படாமல் போகுமா? எண்பதில் நாற்பது நிமிஷம் ஓட்டக் கால் போதாதா, முப்பத்தொரு வருஷத்துக் கால் என்று எண்ணிக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார்.

சனிக்கிழமை கோயிலில் 'நித்திய நினைவு' பாடி, கல்லறைக்குப் போய், குளிரில் விறைத்துப்போய்ச் சமூகக் கூடத்துக்கு வந்தார்கள். கூடத்துச் சமையல்கட்டில் பெண்கள் காலையிலிருந்தே நின்று வேலை செய்திருந்தார்கள். முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டி வேகவைத்தது, வெங்காயம் வதக்கி மேலே கொட்டிய பெரோகிக் கொழுக்கட்டை, பூண்டு மணக்கும் பன்றித் தொடை, கசகசா ரொட்டிச் சுருள் எல்லாம் வரிசையாக இருந்தன. நெஸ்டர் எதையும் சரியாகத் தின்னவில்லை. ஒரு மணிக்கு டார்லின், எல்லோரும் பார்க்க, தண்ணீர்க் கோப்பையும் மாத்திரையுமாக வந்து நின்றாள். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வாங்கி விழுங்கினார்.

மேஜைகளை ஓரம் தள்ளி, நெஸ்டருடையது உட்பட நாலு பேரின் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மற்ற நாலு பேர் அவரவர் வீட்டிலிருந்து ஓட்டினார்கள். நெஸ்டர் திரையில் தெரிவதைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டினார்கள். நூற்றைம்பது பேர் மடக்கு நாற்காலியில். முன்வரிசையில் எல்சி, மடியில் ஓரெஸ்டின் ஜாக்கெட். இரண்டு மணிக்கு நெஸ்டர் சீட் பெல்ட் இருக்கிறதா என்று தோளில் தடவிப் பார்த்து, அது இல்லாத நாற்காலி என்று நினைவு வந்து, தானியக் கோபுரத்தடியிலிருந்து கிளம்பினார்.

முதல் இருபது நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. பெட்ரோ பண்ணை வளைவில் லாரி தூக்கிப் போட்டபோது கூடமே சிரித்தது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது யாரோ மூக்கைச் சிந்தினார்கள். டுவேன் ஓரெஸ்டின் பழைய கதையொன்றை மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு பதினோரு கிலோமீட்டர் நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் பனி மூடிய வயல், ஒரு மரம் கிடையாது. முதுகுப் பக்கம் கூடத்தின் ஹீட்டர் அனலை ஊதிக்கொண்டிருந்தது.

எண்பது, தொண்ணூறு ஆயிற்று. யாரும் கவனிக்கவில்லை. நூற்றிருபது ஆனபோது டுவேன் கதையை நிறுத்திவிட்டு, என்ன நெஸ்டர், சாப்பாடு தீர்ந்துடும்னு பயமா என்று கேட்டான். ஜனங்கள் சிரித்தார்கள். நூற்றறுபதில் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்தவர்களுக்கு மஞ்சள் தொப்பியின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஆள் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். என்ஜின் அலறியது. கூடத்திலிருந்தவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள், எந்த லாரியும் அப்படிக் கத்தாது என்று அவர்களுக்குத் தெரியும். சுவரில் இருநூற்றுப் பதினாலு என்று எண் தெரிந்தது. அந்த வேகத்தில் ஆற்றுப் பாலத்தின் கம்பியை உடைத்துக்கொண்டு பச்சை லாரி பறந்தது. பெரிய விபத்து என்றால் அந்த விளையாட்டு வெளியிலிருந்து காட்டும். காட்டியது. உறைந்த ஆற்றின்மேல் சக்கரம் மேலே, கூரை கீழே. கதவில் 'ஓரெஸ்ட் & எல்சி' தலைகீழாக எழுதியிருந்தது.

அந்தச் சத்தத்தில்தான் நெஸ்டர் விழித்தார். யாரோ சுவரில் தெரிந்ததை அணைத்தார்கள். எல்சி எழுந்து, ஜாக்கெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போய்த் தட்டுக் கழுவத் தொடங்கினாள். கூடத்தில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"கால் வழுக்கிருச்சு" என்றார் நெஸ்டர்.

அன்று சாயங்காலமே நெஸ்டரின் கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்த ஷாண்டல் அந்த மோட்டைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டாள். ஆனால் இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்திருந்தது. செத்தவன் பெயரைக் கதவில் எழுதிக்கொண்டு மோசடி வண்டி ஓட்டியவன் நீதானே என்று பெட்ரோல் போடும் இடத்தில் நேராகவே ஒருத்தர் கேட்டார். நெஸ்டர் மஞ்சள் தொப்பியை ஆள் இல்லாத நேரம் பார்த்து ஐஸ் அரங்கின் கல்லாமேல் வைத்துவிட்டு ஓடி வந்தார். பலகையில் தன் பெயர் பதினான்கு தடவை இருந்ததைப் பார்க்காமல் வர முடியவில்லை. அந்தப் பெயரை யாராவது கிழித்துப் போட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டார்லின் பாடு அதைவிடக் கேவலம். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்து, இன்னிக்கு வீட்டுக்காரர் உன்னை எத்தனை வேகத்தில் கொண்டுவந்து விட்டார் என்று கேட்டார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு உறைபெட்டி அறைக்குள் போய்ப் பட்டாணிப் பைகளுக்கு நடுவே நின்று அழுதுவிட்டு வந்தாள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. வழக்கம்போலக் காலை ஐந்தரைக்கு நெஸ்டர் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டி வந்தார். பனிக்காலத்தில் அவளுக்குக் கார் ஓட்டப் பயம். வரும்போது அவள் எப்போதும்போல ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். ஏழு மணி நேரம் நின்ற கால், உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடும்.

பத்து நாள் கழித்து டுவேனும் ஷாண்டலும் வந்தார்கள். நெஸ்டர் நிலவறைக்குள் ஒளியப் பார்த்தார், படிக்கட்டிலேயே மடக்கிவிட்டார்கள்.

"யோவ் இருநூத்திப் பதினாலு" என்றான் டுவேன். "வந்து உக்காரு. ஒனக்கு வேகத்துக்கு ஃபைன் போட வரல."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்கார்றது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். அதே மோட்டு என்கிட்டயும் ரெண்டு மாசம் இருந்துச்சு. ஓரெஸ்ட் கண்டுபுடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார், எடுத்துட்டேன். நான் மாட்டினேன், அழிச்சேன். நீ சுவத்துல போட்டுக் காட்டிட்ட, அம்புட்டுத்தான் வித்தியாசம்."

ஷாண்டல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாலத்துக் கம்பியை இனிமேல் பலமாக வரைந்து வைக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை வாங்க, மோட்டை எடுத்துவிட்டு வாங்க, யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம் என்றாள். டார்லின் காப்பி ஊற்றினாள். நெஸ்டரும் சிரித்தார். ஆனால் அவர்கள் மன்னித்தது மோட்டைத்தான், தூங்கியதை அல்ல. தூங்கிய கதை இன்னும் அவர் வயிற்றுக்குள்தான் கிடந்தது, இப்போது அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இருபதாம் தேதி கையெழுத்து, ஜூனில் லாரி. அதை நினைத்ததும் மனசு துள்ளியதே, அதற்குத்தான் அவர் தன்னை எண்ணி வெட்கப்பட்டார்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் எல்சி வந்தாள். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். டார்லின் ஊற்றிய காப்பி தட்டில் சிந்தியது.

"எல்சி, அன்னிக்கு நடந்ததுக்கு நாங்க..." என்று டார்லின் ஆரம்பித்தாள்.

"அதப் பேச வரல. இல்ல, அதையும் சொல்லிடுறேன்." எல்சி நெஸ்டரைப் பார்த்தாள். "நான் கோவத்துல எந்திரிச்சுப் போயிட்டேன்னு ஊரெல்லாம் நெனக்குது. நாப்பது வருஷம் அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். நூத்துக்கு மேல ஒரு தடவ போனதில்ல. என் பிரசவத்துக்கே எண்பதுல கூட்டிட்டுப் போனாரு, வழியில எடை மேடையில நிக்கப் பாத்தாரு. செத்தப்பறமாவது ஒரு தடவ பறக்கட்டும்னு தோணிச்சு. சிரிப்பு வந்துருச்சு நெஸ்டர். ஜனங்க முன்னால சிரிக்க முடியுமா? அதான் தட்டுக் கழுவப் போனேன். அப்பறம் அழுகையும் வந்துச்சு, அது வேற."

டார்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. எல்சி கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து மேஜையில் நெஸ்டர் பக்கமாகத் தள்ளினாள்.

"ரெண்டாவது வண்டி. அவரு ஒனக்குன்னு சொன்னது. களஞ்சியத்துல கடுகு அப்படியே கெடக்கு. தெரியாத ஆள்கிட்ட வண்டியக் கொடுக்க எனக்கு மனசில்ல. நாளைக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டதும் எடுத்துக்க. அந்த வண்டி நூத்தஞ்சுக்கு மேல தானாப் போகாது, பயமில்ல" என்று சிரித்தாள்.

பத்தொன்பது நாளுக்குப் பிறகு டார்லின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எழுந்து கசகசா ரொட்டியை வெட்டி வைத்தாள், வெண்ணெய் எடுத்தாள், எடுத்ததையே மறுபடி எடுத்தாள். நெஸ்டர் சாவியைத் தொடவில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், தப்புச் செய்து பிடிபட்ட பள்ளிப்பிள்ளை மாதிரி.

"கால் வழுக்கல, எல்சி."

"போகட்டும் விடு."

"வழுக்கல. தூங்கிட்டேன்."

எல்சி ரொட்டியைக் கீழே வைத்தாள். டார்லின்தான் முந்திக்கொண்டு பேசினாள். சாவு வீட்டுச் சாப்பாடு, இரண்டு ராத்திரி கண் மூடவில்லை, யாருக்கும் வருவதுதான் என்றாள். எல்சியைப் பார்த்துச் சொன்னாள், நெஸ்டரைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு மட்டும் இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். மாத்திர உள்ள போனா முக்கா மணியில தூங்கிடுறேன். மோட் போட்டதே அதுக்குத்தான். தூங்குன நேரத்த ஓடிப் புடிக்க. பதினாலு மாசமா."

சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டார்லின் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஃபாரத்துல அந்தக் கேள்வி வந்துச்சே. ஒன்கிட்டக் கேட்டேனே."

"கேட்ட."

"இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ ஜூன்லேருந்து மூணு நாள் போதும்னு சொல்லி வெச்சிருந்த. ஓரெஸ்ட் வண்டி கொடுக்கிறேன்னாரு. ஊரெல்லாம் என்னை ஓட்டுனர்னு சொல்லிச்சு. இல்லாட்டி நான் யாரு டார்லின், நெலவறைல தூங்கற ஆளு."

எல்சி சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபமாக இழுக்கவில்லை. அடுப்பைத் தொடப்போகிற கையை விலக்குகிற மாதிரிதான் செய்தாள். நெஸ்டருக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. முடிந்தது, எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, இனி வெட்கப்பட ஒன்றும் பாக்கியில்லை என்று நினைத்தார்.

டார்லின் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எதையோ கணக்குப் போடுகிற மாதிரி.

"மாத்திர ஒரு மணிக்கு" என்றாள்.

நெஸ்டர் தலை குனிந்தார்.

"என்னக் கூட்டிட்டு வரது ரெண்டு மணிக்கு."

எல்சி ஜன்னல் பக்கம் பார்த்தாள், இருக்க வேண்டாத இடத்தில் இருந்துவிட்டவளைப் போல.

"நெஸ்டர், கார்லயுமா?"

"கண்ணாடிய எறக்கி விட்டுக்குவேன். குளிர் மூஞ்சில அடிச்சா வராது. நீ குளிருதுன்னு ஏத்திடுவ."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒரே ஒரு தடவ" என்றார். "டிசம்பர்ல. கண்ணத் தொறந்தப்ப பாலத்தத் தாண்டியாச்சு. பாலத்து மேல போனது எனக்கு ஞாபகமே இல்ல. வண்டி நேராத்தான் போயிட்டிருந்துச்சு."

"நான்?"

"நீ தூங்கிட்டிருந்த."

டார்லின் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். அண்டா கழுவி வெடித்த கைகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முப்பத்துமூன்று வருஷமாகக் கூட வாழ்ந்த மனுஷனை, யாரோ வழி கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் தூங்கிட்டிருந்தேன், நீயும் தூங்கிட்டிருந்த" என்றாள். "அப்ப வண்டிய யாரு ஓட்டினா?"